கத்தாமல் பீஸ் வராது: புது சூப்பர்வைசருக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள் தம்பி. போன வாரம் வரை திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்து பாட்டம் மடிப்பு தைத்துக்கொண்டிருந்தீர்கள். இன்று முதல் முப்பது மெஷின் ஓடும் லைனுக்கு சூப்பர்வைசர். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பைக் கழற்றிவிடாதீர்கள், இனி அதுதான் பதவிச் சின்னம். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கட்டும். ஒன்று எழுத, இன்னொன்று எழுதுவதுபோல் தெரிய.

உங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லைனிலேயே வேகமாகத் தைத்தவர் நீங்கள். வேகமாகத் தைப்பவரைத் தையலிலிருந்து எழுப்பிவிட்டால் உற்பத்தி கூடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நம் ஊரை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. கனடாவில் பிறந்த கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் என்பவருடன் சேர்ந்து 1969இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வேலை தெரிந்தவரை மேலே மேலே ஏற்றுவார்கள், வேலை தெரியாத நாற்காலி வந்ததும் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள், அவர் அங்கேயே இருந்துவிடுவார் என்பது அவர் கண்டது. கிண்டலாகத்தான் எழுதினார். மேலாண்மை வகுப்புகளில் அதைச் சிரிக்காமல் பாடம் நடத்துகிறார்கள். எப்படியோ, உங்களுக்கு மாதச் சம்பளம் ஆயிற்று, முதலாளிக்கு உங்கள் பெயர் தெரிந்தாயிற்று. லைனில் ஒரு நல்ல பேட்லாக் டெய்லர் குறைந்துவிட்டார், அவ்வளவுதான்.

பயிற்சி உண்டா என்று கேட்கிறீர்கள். அது முடிந்துவிட்டதே! சனிக்கிழமை சாயங்காலம் பி.எம்., அதாவது புரொடக்ஷன் மேனேஜர், கூப்பிட்டு, "திங்கக்கெழமையிலிருந்து நாலாவது லைனை நீ பாத்துக்கப்பா" என்றாரல்லவா, அதுதான் பயிற்சி. மிச்சம் இந்தக் கையேட்டில்.

குரல் வளம்

முப்பது பவர் மெஷின் ஓடும் தளத்தில் சாதாரணப் பேச்சு பக்கத்து மெஷினுக்குக்கூடக் கேட்காது. அதற்கு மேல் ஸ்பீக்கரில் இளையராஜா. ஆகவே அடிவயிற்றிலிருந்து கத்தப் பழகுங்கள். என்ன கத்துவது என்ற கவலை வேண்டாம், மூன்று வாக்கியம் கைவசம் இருந்தால் ஓய்வு பெறும் வரை ஓட்டலாம். "தூங்கறதுக்கா வந்தீங்க?", "சம்பளம் மட்டும் எண்ணி வாங்கறீங்கல்ல?", "இஷ்டமில்லைன்னா வேற கம்பெனி பாத்துக்குங்க." மூன்றிலும் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். எது தப்பு, அதை எப்படிச் சரி செய்வது என்ற விவரம் ஒன்றில்கூட இல்லை. விவரம் சொன்னால் அது கற்றுக்கொடுப்பதாகிவிடும். கற்றுக்கொடுப்பது டெய்லர்கள் தங்களுக்குள் செய்துகொள்கிற வேலை.

வயதில் மூத்தவர்களைப் பார்த்துக் கத்தும்போது "அக்கா" சேர்த்துக்கொள்ளுங்கள். "ஏனக்கா, கண்ணு தெரியலையா?" என்றால் மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, திட்டுக்குத் திட்டும் ஆச்சு. வடக்கே இருந்து வந்த பையன்களுக்காக நாலு இந்திச் சொல் கற்றுக்கொள்ள வேண்டும். அதில் மூன்று "ஜல்தி". நாலாவது, லீவு இல்லை என்பது. சத் பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று பீகார்ப் பையன் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தாலும் நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளக் கூடாது. தீபாவளி கழிந்து லைன் பாதி காலியாகும்போது, "சொல்லாமப் போயிட்டானுங்க" என்று பி.எம்.மிடம் சொல்ல வசதியாக இருக்கும்.

எப்போது கத்துவது என்பது இன்னும் முக்கியம். பி.எம். அறையின் கண்ணாடிக் கதவு திறப்பது கண்ணில் பட்டதும் தொடங்க வேண்டும். அவர் உங்கள் லைனைத் தாண்டும்போது உச்சத்தில் இருக்க வேண்டும், அடுத்த லைனுக்குப் போனதும் தண்ணீர் குடிக்கலாம். அவரும் சும்மா வருவதில்லை பாருங்கள். காலையில் ஐரோப்பாவிலிருந்து, சரக்கு வாங்கும் பையரின் மின்னஞ்சல் வரும். மிகப் பணிவான கடிதம், நலம் விசாரித்துவிட்டு, ஷிப்மென்ட் தேதியை உறுதிசெய்ய இயலுமா என்று கேட்கும். அதை ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஜெனரல் மேனேஜரான ஜி.எம்.மிடம் கொண்டுபோகும்போது பணிவு பாதியாகியிருக்கும். ஜி.எம். பி.எம்.மைக் கூப்பிடும்போது விசாரித்த நலம் போய்விடும். பி.எம். உங்களிடம் வரும்போது உங்கள் அம்மா அப்பாவும் பேச்சில் வந்திருப்பார்கள். உங்களிடமிருந்து அது தோள் தைக்கும் பெண்ணிடம் போகிறது. அந்தப் பெண்ணுக்குக் கீழே ஆள் இல்லை. வீட்டுக்குப் போனதும் பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு இரண்டு அடி. ஜெர்மனியில் தட்டச்சிய கடிதம் ஒன்று திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் முதுகில் வந்து சேர்கிறது. உலகமயமாக்கல் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதன் உள்நாட்டுப் பகுதி இதுதான்.

போர்டு எழுதுவது

லைன் தலைப்பில் ஒரு போர்டு இருக்கும். மணி, டார்கெட், வந்தது என்று மூன்று கட்டம். இரண்டாவது கட்டத்தை நிரப்புவதில்தான் தலைமைப் பண்பு தெரியும்.

கணக்கு சுலபம். ஒரு டீ ஷர்ட்டை முழுதாகத் தைக்க இத்தனை நிமிடம் என்று ஒரு அளவு உண்டு. அதை "சாம்" என்பார்கள். உங்கள் டீ ஷர்ட்டுக்கு 9 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர், மணிக்கு அறுபது நிமிடம், மொத்தம் 1,800 நிமிடம். ஒன்பதால் வகுத்தால் 200 பீஸ். ஆனால் நூல் அறும், பாபின் தீரும், மனிதர்கள் தண்ணீர் குடிப்பார்கள். 60 சதவீதம் ஓடினால் 120. இந்த 120ஐ எழுதினால் நீங்கள் நேர்மையானவர். 150 எழுதினால் நீங்கள் சூப்பர்வைசர். எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் மேலே கையைக் காட்டுங்கள். மேலே மின்விசிறிதான் இருக்கும். பரவாயில்லை.

இந்த நிமிடக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் பிலடெல்பியா எஃகு ஆலை ஒன்றில் ஸ்டாப்வாட்சோடு நின்ற ஃபிரடெரிக் டெய்லர். 1911இல் விஞ்ஞான மேலாண்மை என்று புத்தகமும் போட்டார். அவருடைய வாரிசாக இன்று உங்கள் தளத்தில் ஐ.இ. எனப்படும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் பையன் ஒருவன் நிற்பான், கல்லூரி முடித்துப் புதிதாக வந்தவன், கையில் போன், போனில் ஸ்டாப்வாட்ச். அவன் வருவதைப் பார்த்ததும் தையல்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை மெதுவாகிவிடும். நீங்களும் போன வாரம் வரை அப்படித்தான் தைத்தீர்கள். இப்போது அதைப் பார்த்து அதிர்ச்சி அடையப் பழகுங்கள்.

இனி மிக முக்கியமான இடம். மணிக்கு 150 எழுதினீர்கள், 80 தான் வந்தது. என்ன செய்வீர்கள்?

லைனை ஒரு முறை நடந்து பாருங்கள். தோள் ஜாயின்ட் பண்ணும் ஓவர்லாக் மணிக்கு 150 தருகிறது. அடுத்துக் கழுத்து ரிப் ஏற்றும் பெண், வேலைக்குப் புதிது, ரிப் வேறு வழுக்குகிறது, 80 தருகிறார். அதற்குப் பிறகு கை ஏற்றுபவர், சைடு அடிப்பவர், பாட்டம் மடிப்பவர் எல்லோரும் 130, 140 தரக்கூடியவர்கள். ஆனால் அவர்களுக்கு வந்து சேர்வதே 80 தான். கழுத்துக்காரப் பெண்ணின் முன்னால் பீஸ் கட்டுக்கட்டாகக் குவிந்திருக்கிறது. பாட்டம் மடிக்கும் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

திட்ட வேண்டியது பாட்டம் அக்காவை. ஏனென்றால் அவர்தான் சும்மா இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறார். "ஏனுங்கண்ணா, பீஸ் வந்தாத்தானுங்க தைக்க முடியும்?" என்பார். "எதுத்துப் பேசாதீங்க" என்று முடித்துவிடுங்கள். அடுத்து முதல் மெஷினுக்குப் போய் இன்னும் வேகமாகத் தைக்கச் சொல்லுங்கள். அவர் 170க்கு ஏறுவார். குவியல் இன்னும் உயரும். லைன் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பி.எம். மகிழ்வார். மணி முடிவில் போர்டில் அதே 80.

இந்த விஷயத்தில் எலியாஹு கோல்ட்ராட் என்ற இஸ்ரேல் இயற்பியலாளரின் பேச்சைக் கேட்டு விடாதீர்கள். 1984இல் அவர் தொழிற்சாலையைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஆமாம், நாவல்தான். அதில் சாரணச் சிறுவர்கள் வரிசையாக மலைப்பாதையில் நடக்கிறார்கள், மெதுவாக நடக்கும் ஒரு குண்டுப் பையனால் வரிசையே நீண்டு போகிறது. அவனை யாரும் திட்டவில்லை. முன்னால் நிறுத்தி, அவன் முதுகுப் பையிலிருந்த சாமான்களை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள், மொத்த வரிசையும் வேகமெடுக்கிறது. உங்கள் லைனில் இதைச் செய்வதென்றால் பாட்டம் அக்காவைக் கழுத்துக்கு இன்னொரு மெஷினில் உட்கார வைக்க வேண்டும், அல்லது நீங்களே இன்ச் டேப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று காட்ட வேண்டும். இதற்கு நாவல்கூடத் தேவையில்லை. எந்த மெஷினில் தேங்குகிறது என்பதை லைனில் கைமடியாக நின்று பீஸ் எடுத்துக்கொடுக்கும் அக்கா காலை பத்து மணிக்கே சொல்லிவிடுவார். நாள் முழுக்க லைன் நெடுக நடப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவரிடம் போய் சூப்பர்வைசர் யோசனை கேட்டால் பதவிக்கு என்ன மரியாதை? தவிர, தேக்கம் அரை மணியில் தீர்ந்துவிட்டால் மிச்ச நாளுக்கு நீங்கள் எதற்கு?

கோல்ட்ராட் நாவல் எழுதிய அதே 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கதையை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள்.

தாமதம் என்னும் பிரசாதம்

ஆர்டர் கைக்கு வந்து கப்பல் ஏறும் வரை மூன்று மாதம் இருந்தது. நூல் வாங்க ஒரு தாமதம், நிட்டிங்கில் ஒரு தாமதம். அப்புறம் சாயம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து, கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்தால்தான் இங்கே சாயம் போட முடியும். நொய்யல் ஆற்றை நினைத்தால் அது நியாயமான உத்தரவு, இந்தக் கையேட்டின் ஆசிரியருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாயம் அவசரத்துக்கு வராது. வந்த துணியின் நிறம் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று பையர் திருப்பி அனுப்புவார். பிரிண்டிங் ஒரு வாரம் இழுக்கும். கட்டிங் மாஸ்டர் வெட்டுவதற்குத் துணியை அடுக்கி லே போடும்போது துணி நாலு கிலோ குறையும். மெயின் லேபிள் வந்திருக்கும், வாஷ்கேர் லேபிள் வந்திருக்காது. இப்படி எல்லாரும் ஆளுக்கு ஒரு வாரம் தின்றுவிட்டு, தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது கட்டு உங்கள் லைனுக்கு வரும். தையலில் தாமதம் என்று ரிப்போர்ட் எழுதுவார்கள். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபம் அத்தோடு சரி. அந்தச் செலவுக்கும் உங்கள் பெயர்தான்.

காரணம் சொல்லக் கற்றுக்கொள்ளாதீர்கள். "ரிப் நேத்துதாங்க வந்துச்சு" என்றால், "எனக்குக் கதை வேண்டாம், பீஸ் வேணும்" என்பார்கள். ஜப்பானில் டொயோட்டா ஆலையில் வேலை செய்தவர் எவரும் கோளாறைக் கண்டால் தலைக்கு மேல் ஓடிய கயிறு ஒன்றை இழுக்க முடிந்தது, உடனே ஆள் வந்தது, தேவைப்பட்டால் மொத்த லைனும் நின்றது என்கிறார்கள். நம் தளத்திலும் கயிறு உண்டு. டிபன் பையும் துப்பட்டாவும் தொங்குகின்றன.

சரி, கையேட்டை ஒரு நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பேசுவோம். உங்களிடம் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? ஆளைச் சேர்க்க முடியாது, கூலியைக் கூட்ட முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மூன்றாவது லைனை முடித்துவிட்டு வருகிறேன் என்பார். ஸ்டோரில் கேட்டால் பதில் வராது. டார்கெட்டை நீங்கள் போடவில்லை, தாமதத்தை நீங்கள் செய்யவில்லை. கம்பெனி உங்களுக்குச் செலவில்லாமல் கொடுத்த ஒரே கருவி குரல். அதைத்தான் எடுத்து வீசுகிறீர்கள். கத்துகிற சூப்பர்வைசர் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். மூன்று மாதத் தாமதத்தைப் பத்து நாளில் ஒரு குரல்வளை வழியாக வசூலிக்க நினைக்கிற ஏற்பாடு அதைவிடக் கெட்டது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் தளத்துக்கு வருவதே இல்லை.

கையேட்டைத் திறக்கலாம்.

ஊசி

ஊசி உடைந்தால் ஒரு விதி உண்டு. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, பதிவேட்டில் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் பக்கத்தில் உள்ள பீஸ்கள் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும். குழந்தை உடுப்பு என்றால் இன்னும் கறார்.

இங்கே உங்கள் கடமை, ஊசி உடைத்தவரைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்பது. "இந்த வாரத்துல எத்தனாவது ஊசி இது? உங்க வீட்டுக் காசா?" நல்ல பலன் தரும். அடுத்த வாரத்திலிருந்து அந்த லைனில் ஊசி உடைவது அப்படியே நின்றுவிடும், அதாவது பதிவேட்டில். பெண்கள் வெளியில் சொந்தக் காசில் ஊசி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார்கள். துண்டு எங்கே விழுந்தது என்று தேட நேரமிருக்காது, தேடினால் மாட்டிக்கொள்வார்கள். எட்வர்ட்ஸ் டெமிங் என்று ஒரு அமெரிக்கர் இருந்தார். 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்தவர், இன்றும் அங்கே அவர் பெயரில் பரிசு கொடுக்கிறார்கள். நிர்வாகத்துக்கு அவர் வகுத்த 14 கட்டளைகளில் எட்டாவது, வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டுவது. நீதிபோதனை என்று பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஊசித் துண்டு எந்த நாட்டுக் குழந்தையின் தோளில் குத்தும் என்ற நடைமுறைக் கணக்கு அது.

இறுதி ஆய்வுக்கும் ஒரு வார்த்தை. 3,000 பீஸ் சரக்கு என்றால், ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 கணக்குப்படி ஆய்வாளர் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார். ஏழு பீஸ் வரை குறை இருந்தால் பாஸ், எட்டாவது வந்தால் மொத்தமும் பெயில். ஆகவே நல்ல பீஸ் இருக்கும் பெட்டிகளைக் கை எட்டும் தூரத்தில் அடுக்கி, டீயும் பிஸ்கட்டும் நேரத்துக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு டீ போதும் என்று நம்புகிறவர்கள் இங்கே நிறைய.

ஒன்றரை ஷிப்ட்

சட்டம் படித்தவர்களுக்கு ஒன்று மறந்துவிடும். திருப்பூரில் நாள் என்பது ஷிப்டில் அளக்கப்படுகிறது. காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் இரவு நாலு மணி நேரம் தைத்தால் அரை ஷிப்ட் கூலி சேரும், மொத்தம் ஒன்றரை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. அந்தக் கணக்கில் நாலு மணி நேரத்துக்கு எட்டு மணிக் கூலி, அதாவது முழு ஷிப்ட் வர வேண்டும். இரட்டையைப் பெருக்கி அரையாக்கிய கணித மேதை யார் என்று தெரியவில்லை. ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தவர், பக்கத்து ஊர்தான், ஆனால் அவர் இல்லை.

உங்கள் வேலை, இன்று ஒன்றரை ஷிப்ட் உண்டு என்பதை அறிவிப்பது. அறிவிக்கும் நேரம் மாலை ஐந்து இருபத்தைந்து. காலையிலேயே உங்களுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். மதியம் சொல்லிவிட்டால் பெண்கள் வீட்டுக்குப் போன் போட்டு, பள்ளியிலிருந்து வரும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஐந்து இருபத்தைந்துக்குச் சொன்னால்தான் கண்ணில் நீர் வரும், கெஞ்சுவார்கள், நீங்கள் மறுக்கலாம், இரண்டு பேருக்கு மட்டும் பெரிய மனது பண்ணி அனுமதி கொடுக்கலாம். பல்லடம் பக்கமிருந்து கம்பெனி வேனில் வருபவர்களைக் கேட்கவே வேண்டாம், வேன் ஒன்பதரைக்கு முன் கிளம்பாது.

சித்திரை மாதத்தில் விசிறி வேண்டும் என்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எல்லோருக்கும்தான் வேர்க்கிறது என்று சொல்லுங்கள். பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் தலைக்கு மேலிருந்த குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டியபோது தளத்தின் சூடு குறைந்து, வெயில் நாட்களில் உற்பத்தி விழுவதும் கணிசமாகக் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் பெங்களூரு. நமக்குக் குரல் இருக்கிறது. கழிப்பறைக்கு டோக்கன் முறை வைத்த ஆலைகளும் உண்டு. ஒரு லைனுக்கு இரண்டு டோக்கன், எடுத்துக்கொண்டு போனவர் வந்தால்தான் அடுத்தவர். தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பெண்கள் பழகிக்கொள்வார்கள், சிறுநீர்த் தொற்றுக்கு லீவு எடுப்பார்கள், அதற்கும் நீங்கள் கத்தலாம்.

இதில் கிண்டல் இல்லை

ஒரு விஷயத்தில் இந்தக் கையேடு நேராகவே பேசும். லைனில் பெரும்பாலும் பெண்கள், சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் ஆண்கள். லீவு, மிகைநேரம், எந்த மெஷின், எந்த இடம் எல்லாம் ஒரு ஆண் வாயைத் திறந்தால் நடக்கும், மூடினால் நடக்காது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் அவருடைய சூப்பர்வைசராலேயே கொல்லப்பட்டார். அதற்கு முன் அவர் அனுபவித்த தொந்தரவு லைனில் பலருக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு பெண்கள் தலைமையேற்று நடத்திய தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று அறியப்படுகிற உடன்பாட்டைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு பிராண்டுகளையும் கட்டுப்படுத்திய உடன்பாடு அது. அதன்படி 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தளத்திலேயே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள், அவர்களும் தொழிலாளர்களே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்று 2013 முதல் சட்டமே இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்று தெரியாவிட்டால் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லைனில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தப் பெயர்கள் தெரிய வேண்டும். கேலியாகச் சொல்லித் தப்பிக்கிற இடம் இது இல்லை.

ஆடிட் திருவிழா

வேலை நிலைமையைப் பார்க்கப் பையர் அனுப்பும் ஆடிட் வருகிறது என்றால் முதல் நாள் மாலையே தளத்துக்குத் திருவிழாக் களை வந்துவிடும். மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு. கட்டிங் மாஸ்டர் கையில் வருடத்துக்கு ஒரு முறை வெளிவரும் இரும்பு வலைக் கையுறை. கழிப்பறையில் சோப்பு, அதுவும் வாசனைச் சோப்பு. பெண்கள் ஒருவரை ஒருவர் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வருகைப் பதிவேடு இரண்டில் அழகானது மேஜைக்கு வரும். அன்று முழுக்க நீங்கள் புன்னகைக்க வேண்டும். பழக்கமில்லாத தசை என்பதால் மறுநாள் தாடை வலிக்கும்.

ஒரே ஒரு விபரீதத்துக்குத் தயாராக இருங்கள். அன்று யாரும் கத்தவில்லை, துணியும் லேபிளும் நேரத்துக்கு வந்து சேர்ந்தன, மெக்கானிக் கூப்பிட்ட குரலுக்கு வந்தார், ஐந்தரைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். போர்டில் மணிக்கு 120 வந்திருக்கும். இதை யாரும் கவனித்துவிடாதபடி சாயங்காலமே போர்டை அழித்துவிடுவது நல்லது.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர்களில் யார் யார் திங்கட்கிழமை வருவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எந்தத் தெருவுக்குப் போனாலும் கம்பெனி வாசலில் "ஆட்கள் தேவை" என்று போர்டு தொங்குகிறது: சிங்கர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங். "இஷ்டமில்லைன்னா வேற கம்பெனி பாத்துக்குங்க" என்ற உங்கள் மூன்றாவது வாக்கியத்தை அவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள சிக்கல். கழுத்து ஏற்றும் அந்தப் பெண்ணுக்கு இப்போது ரிப் பிடிக்கக் கை வந்துவிட்டது. எதிர்க் கம்பெனிக்காரர் ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடக் கொடுப்பார்.

ஆகையால் நாளைக் காலை அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுப்பதற்கு முன், கைமடி அக்காவிடம் போய், "எங்கக்கா தேங்குது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சொல்லுவார்.